சத்தம் மட்டும் போதும், அண்ணாச்சி

துப்பாக்கி வேண்டாம், அதன் சத்தம் மட்டும் வேண்டும் என்று ஒருவர் என் கடைக்கு வந்தார். அப்பா காலத்திலிருந்து கணக்கெடுத்தாலும் அப்படிக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை.

மேலநீலிதநல்லூர் பக்கத்தில் மக்காச்சோளம் போட்டிருந்த விவசாயி அவர். ஐம்பது வயதிருக்கும். பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். துப்பாக்கிக் கடைக்குள் முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் நுழைந்தால் பயப்பட வேண்டும். நான் பயப்படவில்லை. கொள்ளை போக என் கடையில் என்ன இருக்கிறது? யாராவது வந்தார்களே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அண்ணாச்சி, ஒரு வேட்டு வேணும்."

"லைசென்ஸ் இருக்கா வே?"

"துப்பாக்கி வேண்டாம் அண்ணாச்சி. சத்தம் மட்டும் போதும். போன்ல பிடிச்சுக்கிடுதேன்."

விஷயம் இதுதான். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து கடையநல்லூரில் மொபைல் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், வயலில் மாட்டும் ஒலிபெருக்கிப் பெட்டி விற்கிறார். பேட்டரியில் ஓடும். ஒரு மெமரி கார்டைச் சொருகிவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதில் இருக்கும் சத்தத்தைப் போடும். காட்டுப்பன்றியும் மயிலும் பயந்து ஓட வேண்டும். நாய் குரைப்பு, தகரம் தட்டுவது, சினிமாச் சண்டை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டார்கள். பன்றிகள் சினிமாச் சண்டைக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகின்றனவாம். அதனால் அசல் வேட்டு ஒன்று வேண்டும் என்று அசல் துப்பாக்கிக் கடையைத் தேடி வந்திருக்கிறார்.

எங்கள் தொழிலின் நிலைமை அதுவரைக்கும் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை.

சங்கரன்கோவிலில் ஒரு காலத்தில் எதிரெதிரே இரண்டு துப்பாக்கிக் கடைகள் இருந்தன. ஒன்று எங்களுடையது. எதிரே இருந்தது என் மனைவியின் அண்ணனுடையது. நான் அவரை மச்சான் என்பேன். அவர் என்னை மாப்ளே என்பார். அவர்கள் துப்பாக்கி செய்கிற குடும்பம், நாங்கள் விற்கிற குடும்பம். அவருடைய அப்பா தன் பட்டறையில் குழாயைக் கடைந்து, கட்டை செதுக்கி, விசைக் குதிரை பொருத்தி, வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி செய்தார். என் அப்பா அதை வாங்கி விற்றார். செய்கிற வீட்டுப் பெண்ணை விற்கிற வீட்டில் கட்டிக்கொடுத்தால் சரக்கு வெளியே போகாது என்று இரண்டு அப்பாக்களும் நினைத்திருக்க வேண்டும். அப்புறம் செய்வதற்கான லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுக்கவில்லை. பட்டறையை மூடிய மச்சான் எங்களுக்கு எதிரிலேயே கடை போட்டார். ஆக, பெண் எங்கள் வீட்டிலும் சரக்கு அவர் கடையிலுமாகப் பிரிந்தது.

என் கடை போர்டில் 'மருந்து, ரவை, தோட்டா' என்று அப்பா எழுதி வைத்திருந்தார். மருந்து என்றால் வெடிமருந்து. ரவை என்றால் ஈயக் குண்டுமணிகள். ஊருக்கு மாற்றலாகி வந்த டீச்சர் ஒருவர் உப்புமாவுக்கு ரவை கேட்டு வந்தார். காய்ச்சலோடு வந்து நாக்கை நீட்டிக் காட்டியவர்களும் உண்டு. முதலில் பொறுமையாக விளக்கம் சொன்னேன். பிறகு சலித்துப்போய், ரெண்டு கடை தள்ளிப் போங்க என்று கையைக் காட்டினேன். துப்பாக்கிக்கு வருகிறவர்களைவிட உப்புமாவுக்கு வருகிறவர்கள் அதிகமானபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் வரலாற்றில் எம்.ஏ. சாம்ராஜ்யங்கள் ஏன் விழுந்தன என்று பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன். சொந்தக் கடை விழுவது மட்டும் கண்ணில் படவில்லை.

விழுந்ததில் மர்மம் எதுவும் இல்லை. வேட்டைக்குத் தடை வந்தது. புது லைசென்ஸ் கொடுப்பது அருகியது. பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி வைத்திருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற பிள்ளைகள் காரியம் முடிந்த கையோடு அப்பாவின் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, தலைவலி தீர்ந்தது என்று ரயில் ஏறினார்கள். தேர்தல் வந்தால் எல்லாத் துப்பாக்கியையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். தேர்தல் முடிந்தபின் திரும்ப வாங்க வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் குறைந்தார்கள். கடைசியில் எனக்கு மிஞ்சியது, பேங்க் காவலர்களின் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவதும், கோயில் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பலூன் சுடும் கடைக்காரர்களின் ஏர்கன்னுக்கு ஸ்பிரிங் மாற்றுவதும்தான்.

மச்சான் கடையும் அப்படியேதான். ஆனால் அவருக்கு ஒன்று கூடுதலாக இருந்தது. கைராசி.

இளவட்டமாக இருந்தபோது, குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காட்டை அழித்துக்கொண்டிருந்த ராட்சசப் பன்றியை அவர் ஒரே வேட்டில் சுட்டு விரட்டினார் என்று ஊரெல்லாம் பேர். அதிலிருந்து அவர் தொட்டுக் கொடுத்த துப்பாக்கி குறி தப்பாது என்று சனங்கள் நம்பினார்கள். அவர் கடையில் வாங்கினால் சரி. என் கடையில் வாங்கிக் காசு கொடுத்துவிட்டு, நேராகத் தெருவைத் தாண்டிப் போய், "அண்ணாச்சி, ஒரு தடவ தொட்டுக் குடுங்க" என்று நிற்பார்கள். அவர் குழலைத் தடவிக் கொடுப்பார். தெருவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பார்ப்பேன். துப்பாக்கி போன பிறகும் கைராசி போகவில்லை. புது டிராக்டர், போர்வெல், கதிர் அறுக்கும் மிஷின் எல்லாவற்றையும் தொடுவதற்கு அவரைக் கூப்பிட்டுப் போனார்கள். ஒரு தடவை ஏ.டி.எம். மிஷினைக்கூடத் தொட்டார்.

சரி, வேட்டுக்கு வருகிறேன்.

எனக்கு லைசென்ஸ் உள்ள ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அந்த விவசாயியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, துப்பாக்கியை உறையோடு மடியில் வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே எங்கள் தோட்டத்துக்குப் போனேன். காற்று முகத்தில் அடித்தது. வெகு நாளைக்குப் பிறகு ஒருவர் என்னைத் தொழிலுக்காக அழைத்துப் போகிறார். கல்யாண மாப்பிள்ளை போல இருந்தது எனக்கு. கிணற்று மேட்டைப் பார்த்து நின்றேன். அவர் போனை நீட்டினார். ஒன்றை மறந்துவிட்டேன். துப்பாக்கிக்கு வயதாகவில்லை, எனக்கு ஆகியிருந்தது. விசையை அழுத்தியதும் கட்டை என் தோளில் ஓங்கிக் குத்தியது. மல்லாந்து போய்க் கடலைக்கொடிக்குள் விழுந்தேன். வேட்டி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணாச்சி! பன்னிய சுடச் சொன்னா உங்களையே சுட்டுக்கிட்டியளா?"

என் வெட்கத்தை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருந்தது. கீழே கிடந்தபடியே கத்தினேன்: "நானாவது விழுந்தேன் வே! எங்க மச்சான் சுட்டது எருமைக்கன்னுல்லா!" சொல்லிவிட்டு நானும் சிரித்தேன், இருமல் வரும்வரைக்கும்.

அவர் போனை அணைக்கவில்லை.

அந்த இளவட்டக் காலத்து மாலையில் நானும் மச்சானோடு இருந்தேன். பொழுது மங்கிக்கொண்டிருந்தது. உடைமரப் புதரில் கறுப்பாக ஏதோ அசைந்தது. மச்சான் சுட்டார். விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் எருமைக்கன்று. நாங்கள் இருவரும் அதை ஓடைக்குள் இழுத்துப்போட்டு முள்ளை வெட்டி மூடினோம். ஊர்க்காரர்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நரிகள் முந்திக்கொண்டன. பன்றிதான் கன்றைக் குத்திக் கிழித்தது, அந்தப் பன்றியைத்தான் இவர் சுட்டார், அது காயத்தோடு மலைக்கு ஓடிச் செத்திருக்கும் என்று ஊரே முடிவு கட்டிக்கொண்டது. கதையை நாங்கள் சொல்லவில்லை. அவர்களே சொல்லி, அவர்களே கைதட்டினார்கள். கன்றுக்குச் சொந்தக்காரி அப்போது கைக்குழந்தைக்காரி. ஆடு மாடு வைத்துப் பிழைக்கிற குடும்பம். "எங் கன்னுக்குப் பழி வாங்கின கை" என்று மச்சான் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் அவள் வீட்டு எருமை நெய் ஒரு சட்டி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பப்பட்டு வந்துவிடும். மச்சான் அதை ஒரு வாய் கூடத் தின்றதில்லை. முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். நான் தின்றேன். நன்றாக இருக்கும்.

யாரிடமும் சொல்வதில்லை என்று எங்களுக்குள் பேச்சு. இத்தனை வருஷம் காப்பாற்றியதைக் கடலைக்கொடியில் கிடந்துகொண்டு போனுக்குள் சொன்னேன்.

விவசாயி அந்தச் சத்தத்தைக் கடையநல்லூர் பாயிடம் கொடுத்து மெமரி கார்டில் ஏற்றச் சொன்னார். பன்றி வரவில்லை. பக்கத்து வயல்காரர் கேட்டார். அவருக்கும் ஏற்றினார்கள். பாய் அதற்கு 'சங்கரன்கோவில் வேட்டு' என்று பேர் வைத்து, பெட்டி வாங்குகிற எல்லோருக்கும் சும்மாவே போட்டுக் கொடுத்தார். மழை பெய்து மக்காச்சோளம் இடுப்பளவு வந்த நேரம். எனக்குச் செய்தி தெரிவதற்குள் மேலநீலிதநல்லூரிலிருந்து குருவிகுளம் வரைக்கும் ஊர் ஊராக, 'டமார்! நானாவது விழுந்தேன் வே! எங்க மச்சான் சுட்டது எருமைக்கன்னுல்லா! ஹஹ்ஹஹ்ஹா!' என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை.

துப்பாக்கிக்காரக் குரல் என்று எங்கள் பக்கத்தில் இரண்டே குரல்தான். எது யாருடையது என்று கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம்.

மச்சான் கடையைத் திறக்கவில்லை. வாங்கிய டிராக்டரைத் தொடக் கூப்பிட்டிருந்த ஆள், "இருக்கட்டும் அண்ணாச்சி, பிறகு பாப்போம்" என்று போனை வைத்துவிட்டாராம். என் மனைவி ஒரு காலையில் காப்பியை ஆற்றி எனக்கு எதிரே வைத்து, நான் கையை நீட்டியதும் எடுத்துத் தானே குடித்தாள்.

"ஏங்க, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியளா? பொங்கல் வருது. அந்தப் பொம்பள நெய் குடுத்து விடுவா. எங்க அண்ணன் எந்த மூஞ்சிய வச்சு வாங்கும்? ஏற்கெனவே சோறு சரியாத் திங்க மாட்டேங்குது. பொங்கலுக்குள்ள இத நீங்கதான் சரி பண்ணணும். அது வரைக்கும் உங்களுக்குக் காப்பி கிடையாது."

காப்பியை விடுங்கள். மச்சான் சோறு தின்னவில்லை என்பது எனக்கு உள்ளே இறங்கிவிட்டது. அன்றே கடையநல்லூருக்கு பஸ் ஏறினேன்.

பாய் நல்ல மனிதர். நான் சொல்லச் சொல்லத் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அல்லாவே! அண்ணாச்சி, அது பன்னிக்குன்னு நீங்க யோசிச்சுச் சொன்ன வசனம்னுல்லா நினைச்சேன்! எருமைக்கன்னையே சுடுத ஆளு, உன்னை விடுவானான்னு பன்னி பயந்துக்கிடும்னு!"

"பன்னிக்குத் தமிழ் தெரியுமா பாய்?"

"நம்ம ஊர்ப் பன்னிதான அண்ணாச்சி?"

வேட்டுச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சையும் சிரிப்பையும் வெட்டி, புது கார்டுகள் போட்டுக் கொடுத்தார். அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் பழைய மொபெட்டில் வயல் வயலாகப் போனேன். வயதான எம்.ஏ. ஒருவன் வரப்பில் வழுக்கி வழுக்கி நடந்து, ஒவ்வொருவரிடமும் கைகூப்பி, "என் சிரிப்பை எடுத்துட்டு இதப் போடுங்க" என்று கெஞ்சுவதை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலோர் மாற்றிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் எல்லோரும் பழையதையே திரும்பப் போட்டுவிட்டார்கள். முதன்முதலில் வந்த விவசாயியே போன் செய்தார்.

"அண்ணாச்சி, வெறும் வேட்டுக்குப் பன்னி அசைய மாட்டேங்குது. மயிலு அதுக்கு மேல. வேட்டு போட்டதும் எல்லா மயிலும் சேந்து எதிர்க்கொரல் குடுக்கு. உங்க சிரிப்பக் கேட்டாத்தான் பறக்கு."

ஒரு டீக்கடையில் இதைப் பற்றி வாக்குவாதமே நடந்தது. பன்றி பயப்படுவது என் சிரிப்புக்கா, எருமைக்கன்று என்ற சொல்லுக்கா என்று. நான் பெஞ்சின் ஓரத்தில் தலையைக் குனிந்து டீ குடித்தேன். இரண்டு தலைமுறை துப்பாக்கி விற்றிருக்கிறோம். பன்றி எங்கள் துப்பாக்கிக்குப் பயப்படவில்லை. இருமலோடு கூடிய என் சிரிப்புக்குப் பயந்தது.

வேறு வழியில்லாமல் மச்சான் வீட்டுக்குப் போனேன். மனைவி கூட வந்தாள். அவர் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"ஏட்டி," என்றார் தங்கையிடம். "உன் புருஷன் வந்திருக்கானா, இல்ல சத்தம் மட்டும் வந்திருக்கா?"

"அண்ணே, அவுக மன்னிப்புக் கேக்க வந்திருக்காவ."

"மச்சான், தப்புதான்," என்றேன்.

"ஒரு தடவ சொன்னா ஒரு தப்புன்னு சொல்லுட்டி அவன்கிட்ட. இது பத்து நிமிஷத்துக்கு ஒரு தப்புல்லா. நான் செத்தாலும் சொல்லிக்கிட்டு இருக்கும்லா?"

பேட்டரி தீரும் வரைக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

"ஊர்க்காரப் பயலுவ சிரிச்சா சிரிச்சுட்டுப் போறானுவ. ஒருத்தன் ஒரு கேலி பண்ணினா நான் ரெண்டு கேலி பண்ணுவேன்." மச்சானுடைய குரல் அடங்கிவிட்டது. "அந்தப் பொம்பள வயலுக்குப் பக்கத்துலயும் பெட்டி இருக்காம். அவ காதுல விழுந்திருக்கும். அவ கண்ணுல ஒத்திக்கிட்ட கைட்டி இது."

அவர் கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அதுவரைக்கும் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். அவமானம், கெஞ்சல் எல்லாம் நடந்தும் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்துகொண்டே இருந்தது. அத்தனை வருஷக் கைராசி ஒரு நிமிடத்தில் கவிழ்ந்ததே என்று. அந்தக் கையைப் பார்த்ததும் அது அடங்கியது.

"நேர்ல போய்ச் சொல்லிட்டா என்ன அண்ணே?" என்றாள் மனைவி. "அவ கேட்டு வாரதுக்கு முன்னாடி நாமளே போயிருவோம்."

மச்சான் கவிழ்த்த கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவனையும் வரச் சொல்லு," என்றார்.

மறுநாள் மத்தியானம் மூன்று பேரும் ஒரு ஆட்டோ பிடித்துப் போனோம். மனைவியை நடுவில் உட்காரவைத்து, மச்சான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "ஏட்டி, அவனைக் கால எடுக்கச் சொல்லு." "ஏட்டி, அவன் பை என் மேல இடிக்கு." வழி முழுவதும் இதுதான் பேச்சு. குருவிகுளம் நெருங்க நெருங்க, ரோட்டுக்கு இரண்டு பக்கத்து வயலிலிருந்தும் நான் சிரித்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். மச்சான் அன்றுதான் அதை முதல் தடவையாகக் காதால் கேட்கிறார். நெற்றியைச் சுருக்கி உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, "இது வேட்டா? தகரத்துல கல்ல விட்டெறிஞ்ச மாதிரில்லா இருக்கு. பழைய தோட்டாவப் போட்டுருப்பான்," என்றார். உண்மை. பழைய தோட்டாதான்.

அந்த அம்மாள் தொழுவத்துக்கு வெளியே வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். எங்களைவிட மூத்தவர், ஆனால் நிமிர்ந்த உடம்பு. மச்சானைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எய்யா! வாங்க, வாங்க! கையெடுத்துக் கும்பிடணும் உங்கள. இருங்க, மோரு கொண்டாறேன்."

மச்சான் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வயலில் டமார் என்றது. நானாவது விழுந்தேன் வே என்றது. அந்த அம்மாள் மோரை மறந்து சட்டென்று குனிந்து, ஒரு கை மண்ணை அள்ளி அந்தப் பெட்டியைப் பார்த்து வீசினார்.

"பாருங்கய்யா இந்தக் கூத்த! பெட்டிக்குள்ள ஒரு பய கெடந்து சிரிக்கான். எவனோ அவன் மச்சான் எருமைக்கன்ன சுட்டானாம். வாயில்லாச் சீவன சுட்டவன் விளங்குவானா? நானும் கன்ன பறிகுடுத்தவ. வயிறு எரியுதய்யா. அந்த மச்சான்காரன் நாசமாப் போகணும்னு நெதமும் மண்ண வாரித் தூத்துதேன்."

மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். பயத்தினாலா சிரிப்பை அடக்கவா என்று இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

"அக்கா," என்றார் மச்சான். "அந்த மச்சான்காரன் நான்தான்."

அந்த அம்மாள் புரியாமல் அவரைப் பார்த்தார்.

"அது உங்க கன்னுதான் அக்கா. இருட்டுல பன்னின்னு நினைச்சுச் சுட்டேன்."

"பன்னில்லா குத்திச்சு?"

"பன்னியே வரல அக்கா."

அவர் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். எங்களைப் பார்க்காமல் தொழுவத்தைப் பார்த்தார். உள்ளே இரண்டு எருமைகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"கிடேரிக் கன்னு அது," என்றார் கடைசியில். "இருந்திருந்தா அதோட வாரிசு இந்தத் தொழுவத்துல இன்னும் நாலு நின்னுருக்கும்." மூக்கைச் சிந்திக்கொண்டார். "நெய்யும்லா குடுத்து விட்டேன் வருசா வருசம். நீங்களும் வாங்கித் தின்னிய."

"அவர் தின்னல அக்கா," என்றேன் நான். "நான்தான் தின்னேன்."

அப்போதுதான் அவர் என்னை முதல் தடவையாகப் பார்த்தார். "இவரு யாரு?"

மனைவி பதில் சொன்னாள். "அந்தப் பெட்டிக்குள்ள சிரிக்கது இவுகதான்." அக்கினி சாட்சியாகக் கட்டியவள்.

"நீதான் சிரிச்சியா?"

"ஆமாக்கா."

"அவரு இருட்டுல தெரியாமச் சுட்டாரு. நீ தெரிஞ்சுதான சிரிச்ச? ஏன் சிரிச்ச?"

எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் விரிவாக எழுத ஒன்றும் இல்லை. "நான் கீழ விழுந்துட்டேன் அக்கா," என்றேன். "அத மறைக்கச் சிரிச்சேன்."

"நீ விழுந்ததுக்கு என் கன்னா கெடச்சுது?"

என்னை முந்திக்கொண்டு பெட்டிதான் பேசியது. பத்து நிமிடம் ஆகிவிட்டிருந்தது.

அந்தச் சிரிப்பு இனிமேல் தன் காதில் விழக்கூடாது என்று அந்த அம்மாள் சொன்னார். சிரிப்பை எடுத்தால் பன்றி வருகிறது, விவசாயிகள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்றேன். என் மனைவிதான் வழி சொன்னாள்.

"அக்கா, நீங்க மண்ண வாரித் தூத்தினியளே, அதே கொரல்ல பெட்டிக்குள்ள பேசுங்க. பன்னி இல்ல, பாம்புகூட வராது."

அவர் யோசித்தார். "வேட்டு யாரு போடுவா?"

"நான் போடுதேன் அக்கா," என்றார் மச்சான்.

"இந்தத் தடவ பாத்துச் சுடுங்க," என்றார் அந்த அம்மாள்.

இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் எல்லோரும் கூடினோம். கடையநல்லூர் பாய் நல்ல மைக் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். முதலில் சத்தம் கேட்டு வந்த விவசாயியும் வந்துவிட்டார். மச்சான் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஓடைக் கரை மண்மேட்டைப் பார்த்து நின்றார். சுடுவதற்கு முன் மூன்று தடவை சுற்றிப் பார்த்தார். தொழுவத்தில் எருமைகள் எண்ணிக்கையில் சரியாக இருக்கின்றனவா என்று ஆளை அனுப்பிக் கேட்டார். அந்த அம்மாளே சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

சுட்டார். அடடா, அதுதான் வேட்டு. ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பாறையில் மோதித் திரும்பி வந்து, இன்னொரு தடவை எங்களைச் சுற்றிவிட்டுப் போனது. மச்சான் ஆடவில்லை, அசையவில்லை. அதில் எனக்குப் பொறாமை இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் அந்த அம்மாள் அரண்டுபோய்விட்டார். பாய் கையை ஆட்டி ஆட்டிப் பேசச் சொல்கிறார், ஒரு சொல் வரவில்லை. வெறும் காட்டைப் பார்த்துத் திட்ட அவருக்கு வரவில்லை. எதிரே ஆள் வேண்டும். கண் சுற்றிலும் தேடியது. பன்றி இல்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏல எடுபட்ட பயலே!" என்று ஆரம்பித்தார். "பல்லக் காட்டாதல! சிரிச்ச வாயி கோணிப் போவும்! வாயில்லாச் சீவன் செத்ததுக்கு உனக்குச் சிரிப்பாணி வருதோ? தின்ன நெய்யி தொண்டையில நிக்காதால? போல! என் கண்ணு முன்னால நிக்காதல! அங்கிட்டுப் போல!"

இதற்கு மேலும் நிறையச் சொன்னார். என் படிப்பு, என் வழுக்கை, நான் வேட்டி கட்டியிருந்த விதம் எதையும் விட்டுவைக்கவில்லை. ஓடையின் இரு கரையிலிருந்தும் மயில்கள் கூட்டமாக எழும்பிப் பறந்தன. நானும் இரண்டு அடி பின்னால் போனேன், மூன்றாவது அடியில் வரப்பு தட்டி உட்கார்ந்துவிட்டேன். பாய் கடைசிவரைக்கும் மைக்கை இறக்கவில்லை. அந்த அம்மாள் மூச்சு வாங்கி நிறுத்தியதும், "மாஷா அல்லாஹ்," என்றார்.

மச்சான் சிரித்தார். துப்பாக்கியை விவசாயியிடம் கொடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நல்லவேளையாகப் பாய் அதற்குள் மைக்கை அணைத்திருந்தார்.

இன்றைக்கு எங்கள் பக்கத்து வயல்களில் ஓடுவது அந்தக் கார்டுதான். பன்றிகள் தலைதெறிக்க ஓடுகின்றன என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது என் காதிலும் விழும். ஏல எடுபட்ட பயலே என்றதும் என்னை அறியாமல் நிமிர்ந்து உட்காருவேன். இந்தப் பொங்கலுக்கு நெய் வரவில்லை. வரக்கூடாதுதான். மச்சான் மறுபடி கடைக்கு வந்து உட்காருகிறார். டிராக்டர் தொடக் கூப்பிட்டால், "நான் எருமைக்கன்னு சுட்ட ஆளு, பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். சிலர் வேண்டாம் என்கிறார்கள். சிலர் பரவாயில்லை என்கிறார்கள்.

வேட்டுப் பதிவு முடிந்து அன்று திரும்பி வரும்போது ஆட்டோவில் பழையபடி மனைவி நடுவில். மச்சான் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, தங்கை வழியாகக்கூடப் பேசவில்லை. எங்கள் தெருமுனையில் ஆட்டோ நின்றது. வரப்பில் விழுந்த இடம் வலித்ததால் காலைக் கீழே வைக்கத் தயங்கினேன்.

மச்சான் முன்னால் குனிந்து ஆட்டோக்காரரின் தோளைத் தட்டினார்.

"தம்பி, இங்கன நிறுத்தாத. இன்னும் கொஞ்சம் உள்ள போ. மாப்ளையால நடக்க முடியாது."